மார்பிலா, புஜத்திலா, மணிக்கட்டிலா? உடற்பயிற்சிக்கு ஒரு ஹார்ட் ரேட் மானிட்டர்

இதயத் துடிப்பை அளக்கும் போலார் எச்10 மார்புப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் நான் ஓடுகிறேன், ரோயிங் மெஷினில் உட்காருகிறேன், எடை தூக்குகிறேன். மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட்வாட்சும் உண்டு. புஜத்தில் கட்டும் வகையும் நன்றாகப் பழக்கம். ஜிம்மில் பட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, கையிலதான் வாட்ச் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் நிறைய. மூச்சு வாங்க நிற்கும் இடைவெளியில் அதற்குப் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். வேகம் ஏறி இறங்கும் இன்டர்வெல் பயிற்சி செய்கிறவர் என்றால் மார்புப் பட்டை வாங்குங்கள். ஒரே சீராக நடப்பவர், மெதுவாக ஓடுபவர் என்றால் கையில் இருக்கும் கடிகாரமே போதும், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். மார்பைச் சுற்றி எதையும் கட்டவே பிடிக்காது என்பவருக்குப் புஜப் பட்டை. என்ன பயிற்சி, கருவி உடம்பில் எங்கே உட்காரப்போகிறது, இந்த இரண்டும் தெளிவானால் பிராண்டு தேர்வு சுலபம். பெரும்பாலானவர்கள் பிராண்டில் தொடங்குவதால்தான் குழம்புகிறார்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு டிரெட்மில்லில் எனக்கு நேர்வதைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் வேக ஓட்டம், ஒரு நிமிடம் நடை, இப்படி மாற்றி மாற்றி. மார்புப் பட்டை போனுடன் இணைந்திருக்கிறது, போன் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கடிகாரம் தன் பாட்டுக்குத் தனியாக அளக்கிறது. தொடங்கும்போது இரண்டிலும் 110 சொச்சம். வேகத்தைக் கூட்டியதும் பட்டை உடனே ஏறத் தொடங்கி, அந்த நிமிடம் முடிகிறபோது 164 காட்டுகிறது. கடிகாரம் அப்போதுதான் 130ஐத் தாண்டுகிறது. வேகத்தைக் குறைத்து நடக்கிறேன். பட்டை 158, 150, 143 என்று இறங்குகிறது. கடிகாரமோ இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் பாதி ஓய்வெடுத்து முடித்த பிறகு அது தன் உச்சத்தைக் காட்டுகிறது, அதுவும் 150க்குச் சற்று மேலே. அடுத்த வேக நிமிடம் தொடங்குகிறபோது இறங்க ஆரம்பிக்கிறது. பயிற்சி முடிந்து இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்டையின் கோடு மலையும் பள்ளமுமாகத் தெளிவாக இருக்கிறது. கடிகாரத்தின் கோடு லேசான அலை. அந்த அலையைப் பார்க்கிற யாரும் நான் மிதமான வேகத்தில் ஓடிவிட்டு வந்தேன் என்றுதான் நினைப்பார்கள்.

இதைவிடக் குழப்பமான ஒன்று மெதுவான ஓட்டத்தில் வரும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், மூச்சு சாதாரணமாக இருக்கிறது, ஆனால் கடிகாரம் 172 என்று நிற்கிறது. ஓடுகிறவர்கள் பலருக்கு நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை காலடிகள் விழும். ஒவ்வொரு அடிக்கும் கை ஆடுகிறது, கடிகாரம் குலுங்குகிறது, தோலுக்கு அடியில் ரத்தமும் அசைகிறது. சென்சார் அந்த ஆட்டத்தையே துடிப்பு என்று பிடித்துக்கொள்கிறது. சோதிப்பது எளிது. வேகத்தை மாற்றாமல் அடிகளை மட்டும் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். கடிகாரத்தின் எண்ணும் கூடவே ஏறினால் அது உங்கள் காலை எண்ணிக்கொண்டிருக்கிறது. நின்று, கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடிக்கு நாடி எண்ணி, நான்கால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். நின்ற உடனே எண்ண வேண்டும். தாமதித்தால் துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டும் அளக்கும் விஷயமே வேறு என்பதுதான். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஒரு சிறு மின் அலை உடம்பில் பரவுகிறது. மார்புப் பட்டையின் உள்பக்கம் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு எலக்ட்ரோடுகள் அந்த மின் அலையை நேரடியாகப் பிடிக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும்போது பயன்படும் அதே அடிப்படை. மின் சிக்னலில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூர்மையான முனை இருக்கிறது. ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையிலான நேரத்தை மில்லிவிநாடிக் கணக்கில் சொல்லிவிடலாம். கடிகாரம் பார்ப்பது வெளிச்சத்தை. அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் போகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். துடிப்பு வந்து ரத்தம் நிறையும்போது திரும்பி வரும் ஒளி குறையும், வடியும்போது கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து ஒரு கணக்கு போட்டு, ஆட்டத்தை வடிகட்டி, சராசரி எடுத்து ஒரு எண்ணைத் தருகிறது. வடிகட்டவும் சராசரி எடுக்கவும் நேரம் பிடிப்பதால்தான் வேகமாக மாறும் துடிப்புக்கு அது பின்தங்குகிறது.

கடிகாரத்தின் பிற எதிரிகளும் இதிலிருந்தே புரியும். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், சிக்னல் மெலியும். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியை மறைக்கும். எடை தூக்கும்போது பாரைப் பிடிக்கிற பிடியில் தசைநாண்கள் இறுகி, மணிக்கட்டு மடங்கி, சென்சாருக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழும். புஷ்அப்பில் சொல்லவே வேண்டாம். கெட்டில்பெல் என்ற கைப்பிடி வைத்த இரும்புக் குண்டில் பயிற்சி செய்கிறவர் கடிகாரத்தின் எண்ணைத் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

சரி, எச்10க்கு வருகிறேன். போலார் 1977இல் பின்லாந்தில் தொடங்கிய நிறுவனம். கம்பியில்லாத் துடிப்பளவியை 1980களின் தொடக்கத்திலேயே விளையாட்டு வீரர்களுக்குக் கொண்டுவந்தது. அந்த அனுபவம் பட்டையில் தெரிகிறது. சென்சார் ஒரு சிறிய கறுப்பு உருண்டைப் பகுதி, டிச் பட்டன் மாதிரி பட்டையில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. பட்டையின் உள்பக்கம் சிறுசிறு சிலிகோன் புள்ளிகள் இருப்பதால் வியர்த்த பிறகும் கீழே வழுக்குவதில்லை. கொக்கி பக்கவாட்டில் வருகிறது. குப்புறப் படுத்துச் செய்யும் பயிற்சிகளில் நடு மார்பில் இருக்கும் சென்சார் மட்டும் லேசாக உறுத்தும், அதற்கு வழியில்லை.

புளூடூத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளுடன் இணையும். எனக்கு இது பெரிய வசதி. போனில் ஒரு செயலி, கையில் கடிகாரம், இரண்டுக்கும் ஒரே எண் போகிறது. ஏஎன்டி பிளஸ் என்ற அலைவரிசை முறையும் உண்டு. அதில் எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் கேட்கலாம், சைக்கிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது முக்கியம். மூன்றாவதாக 5 கிலோஹெர்ட்ஸ் என்ற பழைய முறை. ஜிம்மில் இருக்கும் பல மெஷின்கள் இதைத்தான் புரிந்துகொள்ளும். நீச்சலுக்கும் இதனால் ஒரு நன்மை. புளூடூத், ஏஎன்டி பிளஸ் இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ், தண்ணீருக்குள் சில அங்குலம்கூடச் சரியாகப் போகாது. 5 கிலோஹெர்ட்ஸ் அலை குறைந்த தூரம் தண்ணீரைத் தாண்டும், ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் கடிகாரமும் வேண்டும்.

பட்டைக்குள்ளேயே நினைவகமும் உண்டு. போலாரின் சொந்தச் செயலியில் பயிற்சியைத் தொடங்கிவிட்டு போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போகலாம், முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பயிற்சிக்குத்தான் இடம். அதை இறக்கினால்தான் அடுத்தது. பேட்டரி சிஆர் 2025 என்ற பட்டன் செல், 400 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். சார்ஜ் போடும் தொல்லை இல்லாத எந்தக் கருவியையும் நான் மனமார வரவேற்பேன். பேட்டரி தீரும் நிலையில் இருந்தால் எந்தப் பட்டையிலும் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கருவி பழுது என்று முடிவுகட்டும் முன் புது செல் போட்டுப் பாருங்கள்.

இந்த நினைவகம் தேவையில்லை என்றால் எச்9 வாங்கலாம். அளக்கும் முறை அதேதான், பட்டை கொஞ்சம் சாதாரணமானது, விலையும் குறைவு. கடிகாரம் கார்மின் என்றால் அவர்களுடைய எச்ஆர்எம் என்ற மார்புப் பட்டை வரிசையையும் பாருங்கள். அதில் மேல்நிலை வகைகள் ஓடும்போது பாதம் தரையில் இருக்கும் நேரம் போன்றவற்றையும் கடிகாரத்துக்குச் சொல்லும். ஓட்டத்தில் அந்த அளவுக்கு ஆழமாக இறங்குகிறவர்களுக்கு மட்டுமே அது தேவை. துடிப்பை மட்டும் அளக்க, நல்ல மார்புப் பட்டைகளுக்குள் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை.

பெண்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியோடு வரும் படங்களில் இதைக் காட்டுவதே இல்லை. பட்டை மார்புக்கு நேர் கீழே, ஸ்போர்ட்ஸ் பிராவின் அடி எலாஸ்டிக் இருக்கும் அதே இடத்தில் வரும். எலாஸ்டிக்குக்குக் கீழே தனியாகக் கட்டினால் ஓட ஓட இரண்டும் ஒன்றோடு ஒன்று உரசி, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தோல் சிவந்துவிடும். எலாஸ்டிக்குக்கு உள்ளே, தோலை ஒட்டிப் பட்டையைச் செருகிவிட்டால் எலாஸ்டிக்கே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்போது பட்டையை வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்த்தியே கட்டலாம். மூச்சை முழுதாக இழுத்துப் பாருங்கள். விலா எலும்பு விரியும்போது இறுக்குகிறது என்றால் இன்னும் ஒரு சுற்று தளர்த்துங்கள்.

கட்டுவதற்கு முன் எலக்ட்ரோடு பகுதியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் மார்புப் பட்டையைக் குறை சொல்கிறார்கள். உலர்ந்த தோலில் மின் சிக்னல் சரியாக வராது. வியர்த்த பிறகு தானாகவே சரியாகும் என்பதால் முதல் பத்து நிமிடம் மட்டும் எண்கள் கிறுக்குத்தனமாக இருக்கும். காற்று உலர்ந்த நாளில் தொளதொளவென்ற சிந்தெடிக் டிஷர்ட் பட்டைமேல் படபடத்தால் நிலைமின்சாரம் உண்டாகி, மெதுநடையிலேயே 200 காட்டும். பயந்துவிட வேண்டாம். எலக்ட்ரோடை நன்றாக நனைத்து, உடம்போடு ஒட்டிய பனியன் போட்டால் போய்விடும்.

பராமரிப்பில் ஒரு பழக்கம் போதும், அது கண்டிப்பாக வேண்டும். பயிற்சி முடிந்ததும் சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றுங்கள். ஈரப் பட்டையிலேயே விட்டால் அது இன்னும் உடம்பில் இருப்பதாக நினைத்து விழித்துக்கொண்டிருக்கும், பேட்டரி கரையும். வியர்வை உப்பு டிச் பட்டன்களையும் அரிக்கும். பட்டையைக் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள், அவ்வப்போது மென்மையான சோப்பில் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், எலக்ட்ரோடில் படலம் படியும். இவ்வளவு செய்தாலும் சென்சாருக்கு முன்னால் பட்டைதான் தேயும். அதனால் எந்த பிராண்டு வாங்கினாலும் பட்டை மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

புஜப் பட்டையை இரண்டாம் தரம் என்று ஒதுக்க வேண்டாம். போலார் வெரிட்டி சென்ஸ், கோரோஸ் நிறுவனத்தின் புஜப் பட்டை ஆகியவை இந்த வகை. இவையும் பச்சை ஒளியில்தான் அளக்கின்றன, ஆனால் புஜத்தில் சதை இருக்கிறது, எலும்பும் தசைநாணும் மணிக்கட்டில் போலத் துருத்திக்கொண்டு இருக்காது, ஆட்டமும் குறைவு. அதே ஒளி முறைதான், இடம் மாறியதாலேயே எண்கள் வெகுவாகச் சீராகிவிடுகின்றன. இன்டர்வெலில் மார்புப் பட்டைக்குச் சில விநாடிகள் பின்னால் வரும், அவ்வளவுதான். என் தோழி ஒருத்திக்கு மார்பைச் சுற்றி எது இறுகினாலும் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அவளுக்குப் புஜப் பட்டைதான் நிம்மதி. வெரிட்டி சென்ஸை நீச்சல் கண்ணாடியின் வாரில் மாட்டி, நெற்றிப்பொட்டிலும் அளக்கலாம், நீந்துகிறவர்களுக்கு அருமையான யோசனை. இதைச் சார்ஜ் செய்ய வேண்டும், ஒரு முறைக்கு 30 மணி நேரம் வரை என்கிறார்கள். துடிப்புக்குத் துடிப்பு உள்ள இடைவெளியை வைத்து உடம்பு தேறிவிட்டதா என்று பார்க்கிறவர்களுக்கு மட்டும் நான் மார்புப் பட்டையையே சொல்வேன்.

கடிகாரத்தோடு இருக்கப்போகிறவர்கள் அதை மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, முழங்கைப் பக்கமாக ஏற்றிக் கட்டுங்கள். பயிற்சி நேரத்தில் மட்டும் ஒரு துளை இறுக்குங்கள். முதலில் கொஞ்சம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டால் தோலில் ரத்தம் ஓடத் தொடங்கி அளவும் நன்றாக வரும். சீரான நடைக்கும் சைக்கிளுக்கும் இதுவே தாராளம்.

எந்தக் கருவி வாங்கினாலும், அது சொல்லும் துடிப்பு சரியாக இருந்து, அதை வைத்து லேசான பயிற்சி, கடினமான பயிற்சி என்று செயலி பிரிக்கும் மண்டலங்கள் தவறாக இருக்கலாம். பல செயலிகள் 220இலிருந்து வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும். 1970களின் தொடக்கத்தில் வந்த தோராயக் கணக்கு அது. 2001இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் தந்த கணக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கு 160, இரண்டாவது 166. இரண்டுமே சராசரிதான். ஒரே வயதுள்ள இருவருக்கு இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். மேட்டில் நன்றாக மூச்சு வாங்க ஓடும்போது பட்டை காட்டும் உச்சம் சூத்திரத்தைத் தாண்டினால், செயலியின் அமைப்பில் போய் உங்கள் சொந்த எண்ணைப் போடுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் உங்கள் துடிப்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்வது எந்தச் சூத்திரத்தையும்விடப் பயன்படும். வெயிலிலும், தண்ணீர் குறைவாகக் குடித்த நாளிலும் அதே வேகத்துக்குத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். கருவியின் கோளாறு இல்லை அது, உடம்பு நிஜமாகவே கூடுதலாக உழைக்கிறது.

கலோரிக் கணக்கை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஆறு, துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. புளூடூத்தில் ஹார்ட் ரேட்டுக்கென்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது, அதைப் பின்பற்றும் கருவி, அதே தரத்தை ஏற்கும் எந்தச் செயலியோடும் பேசும். பெட்டியில் புளூடூத் என்று போட்டிருந்தும், தன் சொந்தச் செயலியைத் தவிர வேறு எதிலும் தென்படாத ஒரு பட்டையோடு நான் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அந்தச் செயலிக்கு அப்டேட் வருவது நின்றதும் பட்டையும் வீணாகிவிட்டது. உங்களிடம் இப்போது இருக்கும் கடிகாரம், செயலி, மெஷின் பெயர்களைச் சொல்லி, இவற்றோடு சேருமா என்று நேராகக் கேளுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பட்டை கட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு மருந்தாலேயே அடக்கப்பட்டிருக்கும், செயலியின் மண்டலங்கள் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களும் டாக்டரிடம் எல்லையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் பட்டையில் எண் சாதாரணமாக இருக்கிறதே என்று தொடர வேண்டாம். இவை நோயைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இல்லை.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு இன்டர்வெல் பயிற்சி, ஒரு மெதுவான ஓட்டம், ஒரு எடைப் பயிற்சி மூன்றையும் அதைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் நடுவே நின்று கழுத்தில் நாடி எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு துடிப்பு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, கையால் எண்ணுவதில் அந்தப் பிழை இருக்கும். இருபது முப்பது தள்ளி நின்றால், எலக்ட்ரோடு நனைந்திருக்கிறதா, பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்போதும் அப்படியே என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் கட்டும் வகையை எடுங்கள்.